ஓடைக்கு மூணு கேள்வி

இன்னிக்கு செத்துப்போன ஒரு ஆப் பத்தி எழுதப் போறேன் மக்களே. ஆப்புக்கெல்லாம் இரங்கல் பதிவு எழுதற மொத ஆள் நானாத்தான் இருப்பேன் :-)

பேரு கிரீக் வாட்ச். 2010 நவம்பர்ல ஐபிஎம் ஆராய்ச்சிக்காரங்க ஐபோனுக்காக விட்டாங்க. நான் இருக்கிற இதே சான் ஹோசேல, ஆல்மடேன் மலைமேல இருந்த அவங்க லேப்ல செஞ்சது. கலிஃபோர்னியா தண்ணீர் வாரியமும் கூட்டு. ஓடைப் பக்கம் நடக்கப் போறவங்க ஒரு போட்டோ எடுத்து, மூணே கேள்விக்கு பதில் சொல்லணும். தண்ணி எவ்வளவு இருக்கு? ஓடுதா, தேங்கி நிக்குதா? குப்பை கெடக்கா? அம்புட்டுதான். இடமும் நேரமும் போனே குறிச்சுக்கும்.

இது என்ன பெரிய விஞ்ஞானம்னு தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, மாநிலம் முழுக்க இருக்கிற ஓடைக்கெல்லாம் வாரியத்துல ஆள் போட முடியுமா? தினம் நாய கூட்டிட்டு அந்தப் பக்கமா போறவருக்கு அரை நிமிஷ வேலை. எந்த மழைக்கு அப்புறம் எங்க குப்பை சேருதுன்னு மாநகராட்சிக்கும் தெரிஞ்சுடும். இங்க ரோட்டோர மழைநீர் வடிகால்ல விழறது எதையும் சுத்திகரிக்கிறதில்ல, நேரா ஓடைக்கும், அங்கிருந்து விரிகுடாவுக்கும் போயிடும்.

சில வருஷம் முன்னாடி அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தார். தாமிரபரணியில தூண்டில் போட்டே வளந்த மனுஷன். குவாடலூப் ஆத்தங்கரையில கூட்டிட்டுப் போனா, தண்ணியையே பாத்துட்டு நின்னார்.

"ஏல, கண்ணாடி மாதிரில்லா கெடக்கு. மீன் புடிச்சா கொழம்பு வைக்கலாமா?"

"போர்டு வச்சிருக்கான் பாருங்கப்பா. இந்த ஆத்து மீனைத் திங்கக் கூடாது. பாதரசம்."

அப்பா நம்பல. "குப்பை ஒண்ணும் காணலியே"ன்னார். அந்த மூணு கேள்விக்கும் அன்னிக்கு நானும் நல்ல மார்க்தான் போட்டிருப்பேன்.

கதை இதுதான். மலைமேல நியூ ஆல்மடேன்னு ஒரு பழைய பாதரசச் சுரங்கம். நம்ம சித்த மருத்துவத்துல சாதிலிங்கம்னு சொல்றாங்களே, அந்தச் செவப்புக் கல்லை வறுத்து பாதரசம் எடுத்தாங்க. 1840கள்ல ஆரம்பிச்சது. தங்க வேட்டைக் காலத்துல பொன்னைப் பிரிக்க இங்கேருந்துதான் மூட்டை மூட்டையா... இல்ல, குடுவை குடுவையா போச்சு. வறுத்த கழிவை ஓடையோரமா கொட்டினாங்க. ஒவ்வொரு மழைக்கும் அது கீழ இறங்குது. ஆக்ஸிஜன் கொறைஞ்ச ஏரி அடியில பாக்டீரியா அதை மீதைல் பாதரசமா மாத்திடும். பாசியிலேருந்து சின்ன மீன், சின்ன மீன்லேருந்து பெரிய மீன்னு ஏற ஏற அளவும் ஏறிக்கிட்டே போகும். தண்ணி மட்டும் கண்ணாடியாட்டம் இருக்கும். ஆல்மடேன்ங்கிற பேருக்கே அரபு மூலத்துல 'சுரங்கம்'னுதான் அர்த்தம். அந்தப் பேரை வச்ச லேப்ல செஞ்ச ஆப்புக்கு அந்த விஷம் கண்ணுல படாது!

ஆப்பைக் கொறை சொல்லல. கிருமிக்கும் இதே கதைதான். ஈ.கோலை இருக்கான்னு பாக்க தண்ணிய எடுத்துப் போய் ஒரு நாள் பூரா அடைகாக்கணும். கேமராவால ஆகாது. ஆனா எந்த இடத்துல பாட்டில் முக்கணும்னு சொல்றதுக்கு கேமரா போதும். வடிகால் குழாயிலேருந்து திடீர்னு நுரையா வருதுன்னு ஒரு போட்டோ போனா, அடுத்து லேப்காரன் வருவான்.

ஆப் போயிடுச்சு, நான் விடல. அதே பாலம், அதே தூண், வாரம் ஒரு போட்டோ. இப்ப ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிக் கயித்துல கட்டி எறக்கறேன். தண்ணி சூடேறினா ஆக்ஸிஜன் கொறையும், இங்க ஏறி வர்ற ஸ்டீல்ஹெட் மீனுக்கு மூச்சு முட்டும். போட்டோவுக்குக் கீழேயே டிகிரியை எழுதி வச்சுக்கறேன். கொழம்புக்கு மட்டும் கடை மீன்தான்.