சாயங்காலத்துக்குள் அடங்கும் ஊர்

வெளியூர்க்காரர் யாராவது "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால், திருச்சிக்காரர்கள் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை என்று சொல்லிவிட்டு, "வேற ஒண்ணும் பெருசா இல்லீங்க" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் கடற்கரைக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமையையே கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே அலுவலகம் விட்டதும் சத்திரம் பேருந்து நிலையத்தில் டீ குடித்து, காவிரிப் பாலத்தில் காற்று வாங்கிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு சேர்ந்துவிடலாம். நடுத்தரமான ஊரில் வாழ்வதன் பாக்கியம் இதுதான்.

சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் சேர்க்கும் அந்தப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. நடுவில் நின்றால் தெற்கே உச்சிப்பிள்ளையார், வடக்கே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்ற அந்தக் கோபுரம் 1987இல்தான் முழுமை பெற்றது.

கோடையில் பாலத்தின் கீழே பெரும்பாலும் மணல்தான். அணையில் இருப்பு உள்ள வருஷங்களில் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள். அன்றிலிருந்து ஊரின் பேச்சே மாறிவிடும். "மாயனூர் தாண்டிருச்சாம்." "முக்கொம்புக்கு வந்திருச்சாம்." மணல் குடித்தது போக மிச்சமான முதல் தண்ணீர், சருகும் நுரையுமாகச் செம்மண் நிறத்தில் ஊர்ந்து வரும். அதைப் பார்க்க வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பாலத்தில் ஜனம் நிற்கும். பூப்போடுகிறவர்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள், பேரனைத் தூக்கிக் காட்டுகிற தாத்தாக்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது, சொந்த வீட்டுச் சுவர் இடிந்தது போலத்தான் ஊர் பதறியது. ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய அணை அது.

பாலம் தாண்டினால் திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரியது. ஜம்புகேஸ்வரர் சன்னதியில் லிங்கத்தைச் சுற்றி நீர் கசிந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் அங்கே உச்சிக்காலத்துக்குப் போக வேண்டும். அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் சூடி, அகிலாண்டேஸ்வரியாகவே மேளதாளத்தோடும் யானையோடும் நடந்து வந்து சுவாமிக்குப் பூஜை செய்வார். தவமிருந்த அம்மன் தானே வந்து பூஜிப்பதாக ஐதீகம். இது வருஷத் திருவிழா இல்லை, தினமும் நடப்பது. பூக்காரம்மா பாதி தொடுத்த சரத்தை மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிடுவார். ஊர்வலம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடுப்பார். எவ்வளவு பெரிய காட்சி, எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துபோகிறது. அப்புறம் பார்த்தசாரதி விலாஸில் நெய் தோசை.

வெயில் கடுமைதான். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரி சர்வசாதாரணம். மலைக்கோட்டைப் பாறையில் கால் வைக்க முடியாது. விடியற்காலையில் ஏறுங்கள். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயிலில் நிதானமாக நின்றுவிட்டு, வெயில் ஏறுமுன் சின்னக்கடை வீதிக்கு இறங்கிவிடலாம்.

ராத்திரியில் காந்தி மார்க்கெட். ஊர் தூங்கும் நேரத்தில் லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கும். வாழைக்காய் மண்டியில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளித் தார்கள் சுவரோரம் சாத்தியிருக்கும். இந்த மார்க்கெட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் பேச்சு நெடுநாளாக நடக்கிறது. மதுரை சாலையில் கள்ளிக்குடியில் வளாகமே கட்டினார்கள். வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். நெரிசல் உண்மைதான், மொத்த வியாபாரத்துக்கும் லாரிகளுக்கும் வேறு இடம் தேவைதான். ஆனால் சில்லறைக் கடைகளாவது இங்கேயே இருக்கட்டும். வேலை முடிந்து திரும்புகிறவர் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் இறங்கி, பேரம் பேசி ஒரு சீப்பு ரஸ்தாளி வாங்கிப் போகும் தூரத்தில் இருக்கட்டும்.