கதைக்கலாம், பாடக்கூடாது

மண்டபக் கதவடியில் பதினொரு சோடிச் சப்பாத்து. குதி மடிந்து செருப்பாகிவிட்டவை, வெல்க்ரோ பட்டி பிய்ந்தவை, பேரன் கழித்துவிட்டது போலப் பச்சை விளிம்பு போட்ட ஒரு சோடி. சப்பாத்துப் போட்டுத்தான் பயிற்சி செய்யவேண்டும் என்று போன கிழமையும் சொன்னாளாம் வகுப்பு எடுக்கிற பிள்ளை. கோயில் வாசலில் பழகிய கால்களுக்கு அது ஏறவில்லை. "வழுக்கும் அம்மா, வெறும் சொக்ஸோட நிக்காதேங்கோ" என்று ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்புகிறாள். போகிறார்கள். குனியாமல் காலாலேயே துழாவி, சப்பாத்துக்குள் நுழைந்துகொண்டு வருகிறார்கள்.

கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாம். ஜனவரிச் செவ்வாய், காலை பத்தரை. முதலில் இந்த வகுப்பைப் பிற்பகல் இரண்டரைக்கு வைத்தார்கள். வந்தது இரண்டு பேர். மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நிற்பது யார் என்பது நேரம் குறித்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, சோறு தீத்தி, மகளும் மருமகனும் வேலையால் வரும்வரை வீட்டைக் காக்கிறவர்கள். சம்பளமில்லாத உத்தியோகம். நேரத்தை மாற்றினார்கள், இப்போது கதிரை காணாது.

நான் மாமியைக் கொண்டுவந்து விட்டவள். கோட்டுகள் குவிந்த மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என்னையும் ஒரு கோட்டாகவே நினைத்திருப்பார்கள்.

மேசையில் துண்டுப் பிரசுரங்கள். வங்காளி, குஜராத்தி, பஞ்சாபி, தமிழ். தமிழில், 'மிதமான தீவிரத்தன்மையுடைய உடற்செயற்பாடு, வாரத்திற்கு 150 நிமிடங்கள்.' இதை எழுதியவர் ஒருநாளும் வேர்க்க விறுவிறுக்க நடந்திருக்கமாட்டார். மஞ்சள் கார்டிகன் போட்ட அம்மா ஒருவர் அதில் ஒன்றை எடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறார். போன கிழமைப் பிரசுரம் உள்ளே இருக்கிறது, திருநீறு மடித்தபடி.

பிள்ளை அந்தச் சொற்களைத் தொடுவதேயில்லை. இங்கே பிறந்தவள்; அவள் தமிழில் 'ழ' இல்லை, ஆனால் பயமும் இல்லை. "கதைக்க ஏலும், பாட ஏலாது. அந்தளவுக்கு மூச்சு வாங்கோணும். அவ்வளவுதான்" என்கிறாள். 65 வயது தாண்டியவர்களுக்குக் கிழமையில் இரண்டு நாளாவது தசைக்கும் சமநிலைக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்று நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019இல் எழுதியதும் அவள் வாயில் ஒரு வரிதான்: "விழாம இருக்கத்தான் இது, அம்மா."

அடுத்தது கதிரை. கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, 30 விநாடிக்குள் எத்தனை தரம் எழும்பி இருக்கலாம் என்று எண்ணுவது. கையை ஊன்றி எழும்பினால் கணக்குப் பூச்சியம்.

ஓரத்தில் மப்ளர் கட்டிய ஐயா. "இளந்தாரியில துலா மிதிச்ச கால் இது" என்று தொடங்குகிறார். அந்தக் கால் லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட் கண்ணாடிக்குப் பின்னால் இருபது வருசம் இரவு வேலை பார்த்தது. இரட்டைத்தட்டு பஸ்ஸில் ஓட்டுநரைவிட, நாள்முழுக்கப் படி ஏறியிறங்கி ரிக்கற் கொடுத்த நடத்துநருக்கு இருதய நோய் குறைவு என்று ஜெரி மொரிஸ் இதே லண்டனில் பார்த்துச் சொன்னது 1953இல். நாற்பது வருசம் கழித்து வந்த எங்கள் ஆட்களுக்கு வாய்த்தது ஓட்டுநர் கதிரையைவிட ஒடுக்கமான கதிரை. தொந்தி வைக்காமலே சீனி வருத்தம் வரும் உடம்பு வேறு. உடல் நிறைக் குறியீட்டில் வெள்ளையருக்கு 25இல் வைத்த எச்சரிக்கைக் கோட்டைத் தென்னாசியருக்கு 23இலேயே போட்டுவைத்திருக்கிறார்கள்.

ஐயா எழும்புகிறார். நாலு, ஐந்து. ஆறாவதில் வலது கை நெஞ்சைவிட்டு நழுவி, கோட்டின் மறைவில் கதிரை விளிம்பைத் தேடிப் பிடிக்கிறது. நான் பார்த்தேன். பிள்ளையும் பார்த்தாள். "ஒன்பது ஐயா, நல்லது" என்றாள். ஒன்பதைத்தான் எழுதினாளோ தெரியாது. தாளை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

பக்கத்து இல்ஃபோர்டில் இருந்த பௌஜா சிங் 89 வயதில் மரதன் ஓடத் தொடங்கிய கதையை அவள் சொன்னபோதும் இந்த ஐயாதான் வாய் திறந்தார்: "அந்த மனிசனுக்கு முழங்கால் எண்டு ஒண்டு இருந்திருக்கு, பிள்ளை."

கடைசியாக நின்ற இடத்திலேயே நடை. போனிலிருந்து பழைய படப் பாட்டு, இசை மட்டும். கதிரை முதுகைப் பிடித்தபடி பதினொரு பேர் நடக்கிறார்கள். பாதி நடையிலேயே மாமி பக்கத்து அன்ரியிடம் முருங்கைக்காய் விலையைக் கேட்டுவிட்டார். அது பரவாயில்லை, கதைக்கலாம். ஆனால் மஞ்சள் கார்டிகன் அம்மாவிடமிருந்து மெல்லிய குரலில் தேவாரம் வருகிறது. போன் பாட்டோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

"அம்மா, பாடுறியள் எண்டா காணாது. இன்னும் கெதியா!"

"தேவாரத்துக்குமோ தடை?" என்கிறார் அம்மா. சிரிப்பு எழும்பி அடங்குகிறது. அவர் முழங்காலை இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறார். சீலைக்கரை சப்பாத்தின் வெல்க்ரோவில் மாட்டி விடுபடுகிறது. குரல் மெலிகிறது. ஒரு சொல் விடுபட்டது, பிறகு இரண்டு. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு மூச்சு.

பாட்டு முடிய, தேத்தண்ணி. சீனி வைக்கவில்லை, ஆனால் கிறீம் பிஸ்கற் இருக்கிறது, அதுவும் முதலில் முடிகிறது. அடுத்த செவ்வாய் யார் வீட்டில் திவசம், யாருக்குக் கண் ஒப்பரேசன் என்று மண்டபம் இரைகிறது.

மஞ்சள் கார்டிகன் அம்மா கதிரையில் இருந்து, பிய்ந்த பட்டியை இழுத்து ஒட்டுகிறார். நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து புருவம்வரை வந்திருக்கிறது. மூச்சு ஒரு நிதானத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, நடையில் எந்தச் சொல்லில் விட்டாரோ அதே சொல்லிலிருந்து தேவாரத்தைத் தொடங்குகிறார்.