ரெண்டு தலைப் பறவையும் என் கோபுரமும்

பேங்க்கில் டிரான்ஸ்பராகி மைசூருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணுக்குப் போன வாரம் ஒரு வீட்டுப்பாடம்: 'நம் மாநிலச் சின்னம்' வரையணும். அப்பா இருக்கும்போது என்ன கவலை? கோபுரம், முன்னாடி அசோகர் சிங்கங்கள், ரெண்டு பக்கமும் கொடி, 'வாய்மையே வெல்லும்'. கம்பீரமா வரைஞ்சு கொடுத்தேன்.

மறுநாள் அழுதுகிட்டே வந்தா. கிளாஸே சிரிச்சுதாம்.

"அப்பா, நம்ம ஸ்டேட் கர்நாடகா இல்லையா?"

எனக்குப் பதில் வரலை. ரெண்டு பேருமா மறுபடி வரைய உட்கார்ந்தோம்.

நடுவில் சிவப்புக் கேடயம். அதில் வெள்ளையா ரெண்டு தலைப் பறவை, கண்டபேருண்டம். மைசூர் உடையார்களோட சின்னம். அவங்களுக்கு முன்னாடியே விஜயநகர அச்சுததேவராயர் காசுகளில் இது யானைகளைத் தூக்கிக்கிட்டு நிக்குது. யானையையே தூக்கும்னா பலத்தைப் பார்த்துக்குங்க! 1973-ல் மைசூர் மாநிலம் கர்நாடகம்னு பேர் மாறியும் பறவை மாறலை. நான் ஏறுற அரசு பஸ்ஸிலும் அதுதான் இருக்கு. ஆறு வருஷமா கண்ணில் பட்டிருக்கு, நான்தான் பார்க்கலை.

கேடயத்துக்கு ரெண்டு பக்கமும் யானைத் தலை, சிங்க உடம்போட ஒரு மிருகம். இவரை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு யோசிச்சா, அட, மைசூர் சாண்டல் சோப்பு! எங்க பாட்டி வீட்டில் விருந்தாளி வந்தா மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வர்ற சோப்பு. அப்போ அந்த மிருகத்தோட ஊருக்கே குடிவருவேன்னு யார் கண்டா?

மேலே அதே அசோகர் சிங்கங்கள். கீழே 'சத்யமேவ ஜயதே'. நம்ம 'வாய்மையே வெல்லும்'தான், மொழி மட்டும் வேற.

தங்கமணி தமிழ் எம்.ஏ. சமையல்கட்டிலிருந்தே குரல் கொடுத்தாங்க: "ரெண்டு தலைப் பறவை அகநானூற்றிலேயே இருக்குங்க. கபிலர் பாட்டு. நானும் தலைவியும் ரெண்டு தலை, ஆனா உயிர் ஒண்ணுதான்னு தோழி சொல்வா."

ராஜாக்களுக்குப் பலமா இருந்த பறவை, நம்ம பாட்டில் சிநேகிதமா இருந்திருக்கு!

பொண்ணு கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் ரஃப் நோட்டில் தனியா ஒரு பறவை வரைஞ்சு, ஒரு தலைக்கு ரெட்டைப் பின்னல், இன்னொண்ணுக்குக் குட்டை முடி போட்டா.

"பின்னல் போட்டது நீயா?"

"ஆமாம்."

"இன்னொண்ணு யாரு?"

"என் பக்கத்து பெஞ்சுப்பா. அன்னிக்கு முதல்ல சிரிச்சாளே, அவதான்." :-)