அலமாரி மேல தூங்குற சிபாப் மெஷின்

டாக்டர் எழுதிக் குடுத்து, அரை லட்சம் ரூபாய்க்குப் பக்கத்துல செலவழிச்சு வாங்கின சிபாப் மெஷின் உங்க வீட்டு அலமாரி மேல பையோட இருக்கா? அப்போ இந்த நீண்ட பதிவு உங்களுக்குத்தான். புதுசா வாங்கப் போறவங்களும் வாசிச்சிடுங்க. காசு வீணாகாது.

நான் நாகர்கோவில்ல பிராக்டிஸ் பண்றேன். மெஷினை ஓரங்கட்டினவங்ககிட்ட ஏன்னு கேட்டா, இங்க வர்ற பதில் இப்படித்தான் இருக்கும்.

"வச்சா வெப்ராளமா வருகு டாக்டரே."
"காத்து கண்ணுல அடிக்கு."
"மூக்குத்தண்டு புண்ணாயிட்டு."
"காலைல பாத்தா மாஸ்க் தலகாணிக்க அடியில கெடக்கு."

கவனிச்சுப் பாருங்க. நாலுமே மாஸ்க்கைப் பத்தின புகார். மெஷின் பாவம், அதுபாட்டுக்கு வேலை செஞ்சிட்டுதான் இருக்கு.

முதல்ல நோயைச் சுருக்கமா சொல்லிடறேன். தூங்கும்போது எல்லாருக்கும் தொண்டைத் தசை தளரும். சிலருக்கு அது மூச்சுப்பாதையையே மூடிடும். நெஞ்சு இழுக்கும், காத்து உள்ள போகாது. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையா எழுப்பும். ஒரு பெரிய செருமல், திரும்பவும் குறட்டை. இதுதான் ஸ்லீப் அப்னியா. மூச்சு அடைபடுறதோ பாதியாகிறதோ மணிக்கு 5 தடவைக்கு மேல நடந்தா நோய், 15-க்கு மேல மிதமானது, 30-க்கு மேல தீவிரம்னு கணக்கு. அப்படியே விட்டா பிபி கட்டுக்குள்ள வராது. இதயத்துடிப்பு தாறுமாறாகும், பக்கவாத அபாயமும் கூடும். 2022 பிப்ரவரியில இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தப்போ மும்பை டாக்டர்கள் சொன்ன காரணமும் இதுதான்.

சிபாப் செய்யறது ரொம்ப எளிமையான வேலை. ஒரே சீரான அழுத்தத்துல காத்தை ஊதி, தொண்டை மூடாமத் தாங்கிப் பிடிக்கும். சைக்கிள் டியூபுக்குள்ள காத்து நிக்கிறப்போ டியூப் ஒட்டிக்காதுல்ல, அது மாதிரி.

இதைக் கண்டுபிடிச்சவர் ஆஸ்திரேலியா டாக்டர் காலின் சல்லிவன். சிட்னியில அஞ்சு பேருக்கு வச்சுப் பார்த்து 1981-ல லான்செட் இதழ்ல எழுதினார். வாக்குவம் கிளீனர் மோட்டாரை வச்சுத்தான் ஆரம்பகால மெஷின்கள் ஓடுச்சு. மாஸ்க் கதை இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு நோயாளியோட மூக்குக்கும் பிளாஸ்டர்ல அச்சு எடுத்து, அவருக்குன்னே தனியா ஒண்ணு செய்வாங்க. தினமும் ராத்திரி அதைப் பசை வச்சு முகத்துல ஒட்டிக்கணும், காலைல பிச்சு எடுக்கணும்.

அதாவது, ஒரு முகத்துக்கு ஒரு மாஸ்க்குங்கிற கணக்குலதான் இந்த வைத்தியமே ஆரம்பிச்சுது. இப்போ அச்சு எடுக்கிற சிரமம் போயிடுச்சு. பத்துப் பதினஞ்சு மாடல், ஒவ்வொண்ணுலயும் மூணு நாலு சைஸ்னு கிடைக்குது. ஆனா நம்ம ஊர்ல பலருக்கும் நடக்கிறது என்ன? கடையில அன்னைக்கு ஸ்டாக் இருக்கிற ஒண்ணு பெட்டியோட சேர்ந்து வீட்டுக்கு வந்துடும். பத்தாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் செருப்பு வாங்க மாட்டோம். முகத்துக்கு மட்டும் வாங்கிடறோம்.

இங்கிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ராத்திரி டிரிப் அடிக்கிற ஒரு அண்ணாச்சி வந்தார். தக்கலை தாண்டினதும் கண்ணு சொருகுதுன்னு அவரே சொன்னார். கூட வந்த அக்கா சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கல: "அவருக்கு மூச்சு நிக்கும்போ நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டுக் கெடப்பேன் டாக்டரே. ஒருக்கா இருவத்தஞ்சு வரைக்கும் போச்சு." மெஷின் வாங்கி எட்டு மாசம் ஆகியிருந்தது. மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தா மொத்தமா ஒன்பது ராத்திரிதான் ஓடியிருக்கு.

அவருக்குக் கிடைச்சிருந்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுற பெரிய மாஸ்க். அண்ணாச்சிக்கோ கட்டபொம்மன் மீசை. மீசை வழியா காத்து ஒழுகும், ஒழுகுதேன்னு பட்டையை இறுக்குவார், இறுக்கினா மூக்குத்தண்டு புண்ணாகும். மீசையை எடுக்கச் சொல்ற தைரியம் எனக்கில்ல. மூக்குத்துவாரத்துல மட்டும் உட்கார்ற சின்ன மாஸ்க்குக்கு மாத்தினோம். மெஷின் அதேதான், பிரஷரும் அதேதான். அடுத்த மாசம் கார்டுல தினமும் ஆறு மணி நேரம் பதிவாகியிருந்தது. அக்கா எண்றதை நிறுத்திட்டாங்க.

சரி, உங்களுக்கு எது? மாஸ்க்ல மூணு குடும்பம் உண்டு.

1. நேசல் மாஸ்க். மூக்கை மட்டும் மூடும். பெரும்பாலானவங்க இதுல தொடங்கலாம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியோட 2019 வழிகாட்டுதலும், வாயையும் மூடுற மாஸ்க்கை விட மூக்கு வழி மாஸ்க்கைத்தான் முதல்ல சொல்லுது.

2. நேசல் பில்லோ. ரெண்டு சிலிக்கான் குமிழ், மூக்குத்துவார வாயில உட்காரும். மீசைக்காரங்க, கண்ணாடி போட்டு வாசிச்சிட்டே தூங்கறவங்க, முகத்தை மூடினாலே பதறறவங்களுக்கு நல்லது. பிரஷர் ரொம்ப அதிகம் தேவைப்பட்டா துவாரம் எரியலாம்.

3. ஃபுல் ஃபேஸ் மாஸ்க். மூக்கு, வாய் ரெண்டையும் மூடும். மூக்கு நிஜமாவே அடைச்சிருக்கவங்களுக்கு வேணும். ஆனா இது தாடையைப் பின்னால தள்ளும், அதிக பிரஷர் கேட்கும், ஒழுகற இடமும் அதிகம். "வாயைத் திறந்து தூங்குவேன்"னு சொன்ன உடனே இதை வாங்கிடாதீங்க. பல பேர் வாயைத் திறக்கிறதே மூக்கடைப்பாலதான். அலர்ஜி, வளைஞ்ச மூக்குத்தண்டு இருந்தா முதல்ல அதைப் பாருங்க.

இனி, நம்ம ஊருக்கே உரிய சில விஷயம்.

தேங்காய் எண்ணெய். ராத்திரி தலைக்கு எண்ணெய் வச்சிட்டுப் படுக்கிற பழக்கம் இங்க நிறைய. எண்ணெய் பட்ட சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். முகத்தை சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சிட்டு மாஸ்க்கைப் போடுங்க. எண்ணெயைக் காலைல குளிக்கறதுக்கு முன்னால வச்சுக்கலாம். மாஸ்க்கையும் தினமும் மென்மையான சோப்புத் தண்ணில கழுவி நிழல்ல காய வைங்க. டெட்டாலும் வேண்டாம், மொட்டை மாடி வெயிலும் வேண்டாம்.

மூக்குத்தி. கழற்ற மனசில்லாத அம்மாமார் உண்டு, எனக்குப் புரியுது. பில்லோ மாடல்ல திருகாணி உள்ள குத்தும். மூக்கை முழுசா மூடுற நேசல் மாஸ்க்ல பெரும்பாலும் இடிக்காது. கொண்டை போட்டா தலைப்பட்டை நழுவும், பின்னல் போட்டுக்கோங்க.

பல்செட். ராத்திரி கழற்றிட்டுத் தூங்கறவங்க, கடையிலயும் கழற்றிட்டுத்தான் மாஸ்க் அளவு பார்க்கணும். பல்செட் இல்லாத முகம் வேற முகம்.

கரண்ட். ஒக்கி புயலப்போ, 2017 நவம்பர் 30-லிருந்து நாள்கணக்கா இந்த மாவட்டம் இருட்டுல கெடந்தது ஞாபகம் இருக்கும். கரண்ட் போய் மெஷின் நின்னா மாஸ்க்கைக் கழற்றிடுங்க. தலையை உயர்த்தி, ஒருக்களிச்சுப் படுங்க. இன்வெர்ட்டர் இருந்தா ஈரப்பதம் குடுக்கிற ஹீட்டரை அணைச்சுட்டு ஓட்டலாம், பேட்டரி கூட நேரம் தாங்கும்.

ரெண்டு எச்சரிக்கை.

மாஸ்க்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா காத்து வந்துட்டே இருக்கும். அதை "லீக்"னு நினைச்சு டேப் ஒட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். நீங்க விடற கரியமில வாயு வெளிய போற வழியே அதுதான், அடைக்காதீங்க. ஆஸ்பத்திரி வென்டிலேட்டருக்குப் பயன்படுத்தற சில மாஸ்க்ல இந்த ஓட்டையே இருக்காது. கோவிட் நேரத்துல வாங்கினது வீட்ல கெடக்குன்னு அதை சிபாப்ல மாட்டிடாதீங்க.

இன்னொண்ணு, காந்த கிளிப். சில மாஸ்க்ல பட்டையை மாட்ட காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் வச்சவங்க, மூளையில உலோக கிளிப் வச்சவங்க காந்தம் இல்லாததைக் கேட்டு வாங்கணும். பக்கத்துல படுக்கிறவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே விதிதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-லயே இதைப் பத்தி எச்சரிச்சிருக்கு.

கடையில கேட்க வேண்டியது: "மெஷினை ஓட விட்டு, என்னைப் படுக்க வச்சு மாட்டிக் காட்டுங்க." உட்கார்ந்து பார்க்கிற அளவு படுத்தா மாறும். எப்பவும் தூங்கற பக்கமா திரும்பிப் படுத்துப் பத்து நிமிஷம் இருங்க. பட்டைக்கு அடியில ரெண்டு விரல் நுழையணும். ஒழுகினா உடனே இறுக்காதீங்க. ஒரு தடவை முகத்துலேர்ந்து தூக்கி, சிலிக்கான் உப்பினதும் திரும்ப உட்கார வைங்க. அப்பவும் ஒழுகினா சைஸ் தப்பு. மாஸ்க்கை மாத்தித் தருவீங்களான்னும் முன்கூட்டியே கேட்டுடுங்க.

வெப்ராளம் வர்றவங்களுக்கு ஒரு வழி. பகல்ல டிவி சீரியல் பார்க்கிறப்போ மாட்டிக்கோங்க. முதல்ல கையில பிடிச்சு, அப்புறம் பட்டையோட, அப்புறம் காத்தோட. ஒரு வாரத்துல முகம் பழகும். குறைஞ்ச பிரஷர்ல தொடங்கி மெல்ல ஏத்தற வசதி பெரும்பாலான மெஷின்ல உண்டு, செட் பண்ணித் தரச் சொல்லுங்க.

இத்தனைக்கும் ஒத்துவரலைன்னா வந்து சொல்லுங்க. பல்லுல மாட்டற கருவி, எடைக்குறைப்பு, சிலருக்கு ஆபரேஷன்னு வேற வழிகளும் இருக்கு. யார்கிட்டயும் சொல்லாம மெஷினை அலமாரியில ஏத்திட்டு, "நான் சிகிச்சையிலதான் இருக்கேன்"னு நம்பிட்டு வண்டி ஓட்டறதுதான் ஆபத்து.

உங்க வீட்ல யாராவது பக்கத்துல தூங்கறவரோட மூச்சை எண்ணிட்டு முழிச்சுக் கெடக்கிறாங்களா? அவங்களுக்கு இதை அனுப்புங்க. நாளைக்கே அந்தப் பையை இறக்கச் சொல்லுங்க. உள்ள இருக்கிற மாஸ்க்கை எடுத்துட்டு வந்தாப் போதும், மீதியை உட்கார்ந்து பேசிக்கலாம்.