விகடகவியும் வெள்ளிக்கிழமை மன்றமும்

பொறியியல் கல்லூரிகளில் மாணவர் மன்றங்களுக்குக் குறைவில்லை. துறைக்கொரு அசோசியேஷன், அதற்கொரு தொடக்க விழா, ஆண்டுக்கொரு சிம்போசியம். குத்துவிளக்கு ஏற்றி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, பேப்பர் பிரசன்டேஷனுக்குப் பரிசு கொடுத்து, குழுப்படம் எடுத்துக்கொண்டால் அந்த ஆண்டின் கணக்கு முடிந்துவிடும். அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரு விழாவை எடுத்து நடத்தி முடிப்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு தொழில்நுட்ப மன்றம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க விழா நாளில் போகக் கூடாது. விழா எதுவும் இல்லாத ஒரு வாரத்தில் போக வேண்டும். மதிப்பெண் கிடைக்காத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாலு பேர் லேபில் உட்கார்ந்திருந்தால் அந்த மன்றம் நன்றாக இருக்கிறது. அந்த நாலு பேருக்கு இடமும் நேரமும் உண்டாக்கித் தருவதுதான் தலைவர் என்று பேர் வாங்கியவர் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் கல்லூரியின் லினக்ஸ் மன்றம் மூன்றாமாண்டில் என் பொறுப்புக்கு வந்தது. தென் மாவட்டத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய பொட்டலில் எழுந்த கல்லூரி. முக்கால்வாசிப் பேர் டே ஸ்காலர்கள். நாலரைக்குக் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகக் கிளம்பிவிடும். அதை விட்டால் வெயிலில் மெயின் ரோடு வரை நடந்து ரூட் பஸ் பிடிக்க வேண்டும். பெண்கள் விடுதியில் ஆறு மணிக்குமேல் வெளியே விடமாட்டார்கள். ஆகவே, ‘மாலையில் கூடுவோம்’ என்று நோட்டீஸ் ஒட்டினால் வருகிறவர்கள் ஆண்கள் விடுதிக்காரர்கள் மட்டும்தான். யாரையும் வராதே என்று சொல்லாமலே பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்திவிட ஒரு கடிகாரம் போதும். கணினித் துறையில் பெண்களுக்கு ஆர்வம் குறைவு என்று பேசுகிறவர்கள் முதலில் பேருந்து நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வெள்ளிக்கிழமை கடைசி அவர் பெரும்பாலான வகுப்புகளுக்கு லைப்ரரி அவராக இருந்தது. அதைக் கேட்டு வாங்கினோம். கேட்டு வாங்குவது என்றால் கடிதம் எழுதுவது, கிளாஸ் அட்வைசர் கையெழுத்து, எச்.ஓ.டி. கையெழுத்து, முதல்வர் அறை வாசலில் காத்திருப்பது, திருத்தச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. மன்றத் தலைமையில் பாதி இந்த அலைச்சல்தான். மீதியில் பாதி லேப் சாவி. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரைப் பொறுத்துத்தான் மன்றம். எங்கள் லேப் அசிஸ்டன்ட் அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போதும் எங்களுக்காக இருந்து பூட்டிவிட்டுப் போவார். அவர் இருந்ததால் மன்றம் நடந்தது.

முதலாண்டில் சேர்ந்தவர்கள் பலர் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். கையில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருக்கும். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டம் எங்கள் மன்றத்துக்கு எவ்வளவு செய்தது என்று சொல்லி மாளாது. வீட்டில் வேறு கணினி இல்லாத பிள்ளைகள் அவர்கள். நாளாக நாளாக அந்த மடிக்கணினி மெதுவாகிவிடும், வைரஸ் ஏறிவிடும். லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸைப் போட்டுக் கொடுத்தால் மறுபடி ஓட ஆரம்பிக்கும். இதற்காகவே நாள் குறித்து எல்லாரையும் வரச்சொல்வோம். பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கில் பழைய படங்களும் பாட்டும் அழியாமல் இடம் ஒதுக்கி, டூயல் பூட் செய்து, வைஃபை டிரைவர் கிடைக்காமல் அரைமணி நேரம் மல்லுக்கட்டி ஒருவழியாக முடிப்போம். நான் ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். கீபோர்டில் மடிக்கணினிக்குச் சொந்தக்காரர் கைதான் இருக்க வேண்டும். சீனியர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லலாம், தொடக் கூடாது. பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். பார்ட்டிஷனைச் சுருக்கும்போது ‘அழிந்துவிடுமோ’ என்று கை நடுங்கியபடியே என்டர் தட்டிய பிள்ளை, அடுத்த வாரம் பக்கத்து விடுதி அறையில் இன்னொருவருக்குப் போட்டுக் கொடுத்திருக்கும்.

மேடையில் நிற்காத வேலைக்கும் மன்றத்துக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் மாணவர்கள் மாதிரி ரயில் மன்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு சாரார் மேசைமேல் குட்டி ரயில்களுக்கு வண்ணம் அடித்து, ஊரும் மலையும் செய்துகொண்டிருந்தார்கள். இன்னொரு சாரார் மேசைக்கு அடியில் புகுந்து, தொலைபேசி ரிலேக்களைக் கோத்து, எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் போவது என்பதைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் டி.எக்ஸ்.-0 என்ற கணினி அந்த வளாகத்துக்கு வந்தபோது ராத்திரி ராத்திரியாக அதன் முன்னால் கிடந்தவர்கள் இந்த மேசையடிக் கூட்டத்தார்தான். 1962இல் பி.டி.பி.-1 கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டு உருவானதில் முதன்மையானவரான ஸ்டீவ் ரஸ்ஸலும் அந்த மன்றத்துக்காரர். அவர்களுக்கு யாரும் இன்டர்னல் மார்க் போடவில்லை. கணினியைத் தொட விட்டார்கள், அவ்வளவுதான். ஜூனியர்களிடம் இந்தக் கதையை நான் அலுக்காமல் சொல்வேன்.

இனி விகடகவி.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் முதலாண்டுக்கே பைத்தான் பாடம் வந்துவிட்டது. ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல்லாக வருகிறதா என்று பார்க்கும் பாலிண்ட்ரோம் நிரல், லேபில் எல்லாரும் எழுதுகிற ஒன்று. ஆங்கிலத்தில் ‘மேடம்’, ‘மலையாளம்’ என்று கொடுத்துப் பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதி முடித்துவிடுவார்கள். எங்கள் மன்றத்துக்கு வரும் ஒரு முதலாண்டு மாணவி, பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர், தன் மடிக்கணினியில் தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லித் தரும் அந்தச் சொல்லையே கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

“அண்ணா, விகடகவி பாலிண்ட்ரோம் இல்லைன்னு வருது.”

சுற்றியிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். நிரலைப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. ‘தமிழ்’ என்று கொடுத்து எத்தனை எழுத்து என்று கேட்டால் ஐந்து என்றது. திருப்பிப் போடச் சொன்னால், முதலில் ஏறி உட்கார எழுத்தில்லாமல் ஒரு புள்ளி, பிறகு ‘ழிமத’ என்று வந்தது. மகரத்தின் தோளில் இருந்த கொக்கி ழகரத்துக்குத் தாவிவிட்டது.

எனக்கு விடை பாதி தெரியும். பாதி தெரிந்த விடையைச் சீனியர் எடுத்துவிட்டால் கேள்வி அங்கேயே செத்துவிடும். எல்லாரும் தலையாட்டிவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே, “எந்த இடத்துல உடையுதுன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாரும்மா. அடுத்த வெள்ளிக்கிழமை நீயே எல்லாருக்கும் சொல்லு” என்றேன்.

“நானா? போர்டுலயா? எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணா.”

“தமிழ்லயே சொல்லு. கேள்வியே தமிழ்ல தானே இருக்கு.”

அடுத்த வாரம் அவர் போர்டில் எழுதியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வ, அதன் பக்கத்தில் ஒரு கொக்கி, க, ட, க, வ, மறுபடி கொக்கி. நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு துண்டு. பின்னாலிருந்து படித்தால் கொக்கிதான் முதலில் வருகிறது, முன்னாலிருந்து படித்தால் வகரம். பிறகு எப்படி ஒன்றாகும்? யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், நம்முடைய 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடையாது, அகரமேறிய மெய்க்கு ஓர் எண்ணும் உயிர்க்குறிக்கு இன்னோர் எண்ணும் புள்ளிக்கு வேறோர் எண்ணும் என்று வைத்திருக்கிறார்கள் என்பதை அவரே தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார். உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற குறியீட்டையும் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்ததை வேறொரு மாணவர் சொன்னார். அப்படியானால் ஏன் எல்லாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்று மூன்றாவது ஆள் கேட்டார். அன்று பேருந்துக்கு எல்லாரும் ஓட வேண்டியதாயிற்று.

இந்த ஒரு கேள்வி அந்த செமஸ்டர் முழுக்க மன்றத்துக்குச் சாப்பாடு போட்டது. அடுத்து வருவது குறியா என்று பார்த்து, குறியானால் முந்தைய எழுத்தோடு ஒட்டு என்று சில வரிகளில் நிரல் எழுதினார்கள். விகடகவி ஜெயித்தது. கைதட்டி முடிப்பதற்குள் க்ஷ வந்து நின்றது. இது ஓரெழுத்தா, இரண்டெழுத்தா? ‘பக்ஷி’யில் எத்தனை எழுத்து? எங்கள் கல்லூரியில் கேட்கத் தமிழ்த்துறை கிடையாது. ஒரு பையன் லேபிலிருந்தே தன் பள்ளித் தமிழய்யாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, கேள்வியைக் கேட்டதும் அய்யா கிரந்த எழுத்தின் வரலாற்றை நின்று நிதானமாகச் சொன்னார். நன்னூலில் தொடங்கி வடவெழுத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர் குரலில் ஏறிய மகிழ்ச்சியைக் கேட்டபடி கணினித் துறைப் பிள்ளைகள் வாய் திறக்காமல் இருந்தார்கள். நான் கண்ட விருந்தினர் உரைகளில் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியாது.

பிறகுதான் ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரல்தொகுப்பு ஏற்கெனவே இருப்பதையும், ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி அதில் இருப்பதையும் கண்டார்கள். “அப்ப நாம எழுதினதெல்லாம் வீணாண்ணா?” என்று ஒருவர் கேட்டார். வீணில்லை. சொந்தமாக எழுதிப் பார்த்தவர்கள் என்பதால்தான் அந்த மூலநிரலைத் திறந்ததும் அவர்களுக்கு விளங்கியது. திறந்து பார்க்க முடிந்ததும் பெரிய விஷயம். கட்டற்ற மென்பொருள் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிவைத்த இயக்கத்தைப் பற்றி நாங்கள் மன்றத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். பிறர் எழுதிய நிரலில் க்ஷவை எப்படி நடத்தியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்த அன்றுதான் அதன் அர்த்தம் பலருக்கும் பிடிபட்டது. கணியம் இணையதளம் வெளியிட்ட ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களையும் அந்தச் சமயத்தில்தான் மொபைலில் இறக்கிக்கொண்டு மாறி மாறிப் படித்தார்கள். லினக்ஸ் கட்டளைகளைத் தமிழில் படிக்கலாம் என்பதே அவர்களில் சிலருக்குப் புதுச் செய்தி.

எங்கள் வகுப்புகளில் சந்தேகம் கேட்காததற்குப் பெரிய காரணம் ஆங்கிலம். விடை புரியாதது அல்ல, கேள்வியை ஆங்கிலத்தில் அடுக்க முடியாதது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், தேர்வு ஆங்கிலத்தில் எழுதட்டும்; சந்தேகம் வந்த மொழியிலேயே வாயைத் திறக்க ஓரிடமாவது கல்லூரிக்குள் வேண்டும். மன்றம் அதைக் கொடுக்க முடியும். வகுப்பில் முடியாதது இங்கே முடியக் காரணம், தப்பாகக் கேட்டால் குறைவதற்கு மார்க் எதுவும் இல்லை என்பதுதான்.

“சர்ட்டிஃபிகேட் உண்டா அண்ணா?” என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும். பல சீனியர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். நான் சுளித்ததில்லை. கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்த பிள்ளைக்கு பிளேஸ்மென்ட் பெரிய கவலை, ரெஸ்யூமில் ஒரு வரி கூடுமா என்று பார்ப்பது நியாயம். எங்களிடம் சர்ட்டிஃபிகேட் கிடையாது, ஆனால் செய்ததை கிட்ஹப்பில் உன் பெயரிலேயே போட்டுவைக்கலாம், நேர்காணலில் அதைத் திறந்து காட்டி விளக்கலாம் என்று சொல்வேன். சிலர் அதோடு போய்விடுவார்கள். இருந்தவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பேன். அதில் ஒரு கணக்கு உண்டு. முன்வரிசையில் கை தூக்குகிறவருக்கு வேலை தானாகக் கிடைத்துவிடும். பின்வரிசையில் நோட்டில் குறித்துக்கொண்டு பேசாமல் போகிறவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும்.

தலைவருக்கு நாலாமாண்டு வந்ததும் புராஜெக்ட், நேர்காணல் என்று கால் வெளியே போய்விடும். நிறைய மன்றங்கள் சாவதும் அந்த ஆண்டில்தான். ஒருவர் தலையில் இருந்ததெல்லாம் அவரோடு வண்டியேறிவிடுகிறது. நான் மூன்றாமாண்டு முடியும் முன்பே பொறுப்பை ஒப்படைத்தேன். கடித நகல்கள், எந்த எச்.ஓ.டி.யை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்ற குறிப்பு, பென்டிரைவ்கள், கிட்ஹப் கணக்கு, லேப் அசிஸ்டன்ட் அண்ணனின் போன் எண். விகடகவி மாணவிதான் எனக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர். நான் செய்தபடி அவர் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் பேருந்துகள் சீக்கிரமே வந்துவிடுகின்றன, முதல் அவருக்கு முன்னால் பிள்ளைகள் மரத்தடியில் சும்மாதான் இருக்கிறார்கள் என்று பார்த்து, கூட்டத்தைக் காலைக்கு மாற்றிவிட்டார். கடைசி அவரில் வரமுடியாமல் இருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள்.

அண்மையில் போன் செய்திருந்தார். அவரும் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார். இப்போதிருக்கும் பிள்ளைகள் அவரிடம் கேட்டதை என்னிடம் கேட்டார். மன்ற உறுப்பினர் பட்டியலைத் தமிழில் அடித்து அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், பைத்தான் வளர்மதியை முதலில் போட்டு வள்ளியைப் பின்னால் தள்ளுகிறதாம். யூனிகோடில் புள்ளிக்குக் கடைசியில் இடம் கொடுத்திருப்பதால் ள் என்பது ளகரத்துக்கு முன்னால் வருவதில்லை. றகரமும் லகரத்துக்கு முன்னாலேயே இருக்கிறது, ஆகவே அலைக்கு முன்னால் அறம் வந்துவிடுகிறது. “நீ என்ன சொன்னே?” என்று கேட்டேன். “நான் ஒண்ணும் சொல்லலைண்ணா. வள்ளிங்கிற பொண்ணுதான் இதைக் கண்டுபிடிச்சிருக்கா. வர்ற வாரம் அவளே போர்டுல எழுதட்டும்னு சொல்லியிருக்கேன்” என்றார்.