நான் அடைத்த வழி

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரில் எங்கள் தெருவில் பலர் வீட்டை விற்கப் பார்த்தார்கள். என் மனைவியும் அதையே சொன்னாள். நான் மறுத்தேன். சொந்த வீட்டை அரை விலைக்குத் தள்ளிவிட்டு வாடகைக்குப் போனால் உறவில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதுதான் என் கவலை. வெளியில் மட்டும், மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திட்டினார்கள், நானும்தான். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது எங்களுக்குக் கீழே, திருநீர்மலை அருகே. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் பக்கமிருந்து வந்த தண்ணீர். அது மறுபடியும் வரும், மறித்தால் பக்கத்தில் பாயும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க வடநாட்டு ஆட்கள் வந்தார்கள். சுவருக்கடியில் இரும்புச் சேனல். ஒருவர் குரல் கொடுக்க, எல்லா ஜாக்கியும் ஒரே நேரத்தில் ஒரு திருகு. வீடு நாலடி உயர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனை முழுக்கக் கிராவல் கொட்டி மேடாக்கினேன். சுற்றிலும் காம்பவுண்டு எழுப்பினேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்தார். தையல் வேலை செய்பவர். கணவர் பக்கவாதத்தில் படுக்கையில். "தம்பி, எங்க வீட்டுத் தண்ணி உங்க சந்து வழியாத்தான் கால்வாய்க்குப் போகும். ஓரத்துல ஒரு குழாயாவது விடுங்க." மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். பெரிய செலவே இல்லை. "என் இடம்க்கா, நான் அடைச்சுக்கிறேன்" என்றேன். வேலையாட்கள் முன்னால் ஒரு பெண் எனக்கு யோசனை சொன்னது பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்ணீர் எங்கள் படியோடு நின்றது. அக்கா வீட்டில் இடுப்பளவு. இருட்டில் அவருடைய டார்ச் வெளிச்சம் அலைவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். எங்கள் ஹால் காய்ந்து கிடந்தது. என்ன கேட்பாரோ என்ற பயத்தில் ஜன்னலைச் சாத்தினேன். காலையில் தெருப் பையன்கள் அவர் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். தைக்கக் கொடுத்திருந்த கல்யாண ரவிக்கைத் துணியெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப் போனது. அத்தனைக்கும் அவரே பணம் கொடுத்தார்.

கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு அக்கா போய்விட்டார். என் மனைவி அவ்வப்போது போய்ப் பார்க்கிறாள். நான் போனதில்லை.

வாங்கியவர் இப்போது அந்த மனையை உயர்த்துகிறார். அடுத்த மழைக்குத் தண்ணீர் பின்னாலிருக்கும் ஓட்டு வீடுகளுக்குத்தான் போகும். குழாய் விடச் சொல்லிப் போய்க் கேட்டேன். "முதல்ல உங்க சுவரை இடிங்க சார்" என்றார். அவர் சொன்னது சரி. நான் இன்னும் இடிக்கவில்லை.