“சொந்த ஊர் எது?” என்று கேட்கிற வேலை

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற தம்பி தங்கைகள் பலர் இரண்டாம் ஆண்டில் மனிதவளப் பிரிவை எடுக்கிறார்கள். “சமூகப்பணி படிக்க வந்துட்டு கம்பெனிக்கு ஆள் பிடிக்கப் போறியா?” என்று தோழர்கள் சிலர் அவர்களைக் கிண்டல் செய்வதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்விக்கடன் தவணை நம் கொள்கை விவாதம் முடியட்டும் என்று காத்திருக்காது. தவிர, யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று முடிவாகிற இடத்தை நம்மில் சிலராவது உள்ளிருந்து பார்க்க வேண்டும். சென்னையில் முதலில் ஒரு கன்சல்டன்சியிலும் பிறகு ஒரு மென்பொருள் நிறுவனத்திலும் ஏழு ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏசி அறையில் உட்கார்ந்து ‘நீ வேண்டும், நீ வேண்டாம்’ என்று சொல்கிற அதிகாரம் ரெக்ரூட்டருக்கு இருப்பதாக வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் அவர் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள். கன்சல்டன்சியின் வருமானம், சேர்ந்தவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் விலகினால் வேறொருவரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமான ஒப்பந்தம். ஆகவே அங்கே யாரும் ‘ரிஸ்க்’ எடுக்க மாட்டார்கள். போன முறை கிளையண்டுக்கு யாரைப் பிடித்ததோ, அதே மாதிரி கல்லூரி, அதே மாதிரி ஆங்கிலம், அதே மாதிரி குடும்பத்துப் பிள்ளைகளையே அடுத்த முறையும் அனுப்புவார்கள். அனுப்புகிறவர் சாதிவெறியராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கிளையண்டின் விருப்பத்தை முன்கூட்டியே ஊகிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

வடிகட்டுவது அதற்கும் முன்பே தொடங்கிவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு. அரியர் இருக்கக் கூடாது. படிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. இந்த விதியில் சாதி என்ற சொல் எங்கேயும் கிடையாது. தமிழ்வழியில் படித்து, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, பொறியியல் முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடந்த கணக்குப் பாடத்தில் திணறிய பையன் இந்த விதியில்தான் நிற்பான். அப்பா படுத்துவிட்டதால் ஓராண்டு வேலைக்குப் போய்விட்டு மறுபடி படிக்க வந்த பெண்ணும் நிற்பாள். அவர்களுடைய விண்ணப்பத்தை மனிதர் யாரும் படித்துப் பார்க்கவே மாட்டார்கள்.

2007ஆம் ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் வெளியிட்ட ஆய்வு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 4,800 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்கசாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. சுயமரியாதை இயக்கம் செய்துவிட்டுப் போன பெரிய உதவி அது. அதனாலேயே இங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. “சொந்த ஊர் எது?” “ஊர்ல எந்தப் பக்கம்?” “அப்பா என்ன பண்றார்?” “எந்த ஹாஸ்டல்?” முகவரியில் ‘காலனி’ என்றோ ‘அம்பேத்கர் நகர்’ என்றோ இருந்தால் அந்தக் கேள்விகளும் தேவைப்படாது. அதே 2007இல் வெளியான இன்னோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் டெல்லியில் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டிருந்தார்கள். ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பது அந்த மேலாளர்களுக்கு வெகு இயல்பாக இருந்தது. திறமையை அளக்கிறோம் என்று நம்பிக்கொண்டேதான் அதையும் கேட்டார்கள்.

நான் இருந்த நிறுவனத்தில் அடிக்கடி காதில் விழுந்த வாசகம்: “நல்லாத்தான் பண்றாங்க. ஆனா நம்ம டீமுக்கு செட் ஆவாங்களான்னு தெரியல.” இதை எதிர்க்க ரெக்ரூட்டரிடம் இருப்பது ஒரே ஒரு படிவம். “எந்தக் கேள்விக்குப் பதில் தப்பு சார்? ஃபார்ம்ல எழுதணும்” என்று நான் கேட்பேன். சில நேரம் மேலாளர் யோசித்துவிட்டு, “சரி, இன்னொரு ரவுண்டு பார்க்கலாம்” என்பார். விழுப்புரம் பக்கத்துத் தங்கை ஒருத்தி அப்படிக் கிடைத்த இரண்டாவது ரவுண்டில்தான் உள்ளே வந்தாள். வேறு சிலருக்கு ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கேட்பதற்கு விலையும் உண்டு. மூன்றாவது, நான்காவது முறை கேட்டபோது மேலாளர் சிரித்துக்கொண்டே, “என்னப்பா, உங்க ஊர்ப் பொண்ணா?” என்றார். அதன் பொருள் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நான் யாருக்காகப் பேசினாலும் அதற்குச் சாதிக் கணக்கு எழுதப்பட்டது. அதே அலுவலகத்தில் அண்ணன் மகன், சகலை மகன் என்று வாராவாரம் விண்ணப்பம் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு ‘ரெஃபரல் போனஸ்’ என்று பணமே கொடுத்தார்கள். அதை யாரும் சாதி என்று சொல்லவில்லை.

ஊரிலிருந்தும் போன் வரும். “அண்ணே, நீங்க உள்ளதான இருக்கீங்க, தம்பிக்கு ஒண்ணு பாருங்க.” நான் உள்ளே இருக்கிறேன், ஆனால் சாவி என்னிடம் இல்லை என்பதை அவர்களுக்குப் புரியவைப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. சொன்னால், வளர்ந்ததும் மறந்துவிட்டான் என்பார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு தெருவுக்கே ஒருவன்தான் உள்ளே போயிருக்கிறான் என்றால் வேறு யாரிடம் கேட்பார்கள்?

இவ்வளவு வடிகட்டிகளும் காணாமல் போகிற ஓர் இடத்தையும் பார்த்தேன். கன்சல்டன்சியில் எனக்கு அடுத்த மேஜையில் ஹவுஸ்கீப்பிங், துப்புரவு ஒப்பந்தங்களுக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே 60 விழுக்காடு இல்லை, இடைவெளி பற்றிக் கேள்வி இல்லை. சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டால் மறுநாள் காலை அதே நான்கைந்து தெருக்களிலிருந்து வேனில் ஆட்கள் வந்துவிடுவார்கள். கழிவறை கழுவ வந்தவர்களைப் பார்த்து ‘டீமுக்கு செட் ஆவாங்களா’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் 16(4) அரசு வேலைக்கு மட்டும்தான். தனியார் துறையில் நம்மை வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்று எந்த மத்தியச் சட்டமும் சொல்லவில்லை. 2006இல் தொழில் கூட்டமைப்புகள் தாமாகவே ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டன. அதில் கட்டாயம் எதுவும் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நான்காம் பிரிவில், தீண்டாமையின் பேரில் வேலையில் தடை ஏற்படுத்துவதைக் குற்றம் என்கிறது. ஆனால் நிராகரிக்கப்பட்டவர் கைக்குக் காரணம் வந்தால்தானே வழக்குப் போட முடியும்? ‘உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருக்கிறோம்’ என்ற மின்னஞ்சலை எந்த நீதிமன்றத்தில் காட்டுவது? நிராகரிப்புக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும், யாரை எடுத்தோம் என்ற கணக்கைச் சமூகவாரியாக வெளியிட வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் இடஒதுக்கீட்டுக் கோரிக்கையோடு சேர்த்தே நாம் எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு: சொந்த ஊர் கேட்டால் ஊர்ப் பெயரை நேராகச் சொல்லுங்கள். மாவட்டத்தை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவரவர் நிலைமை அவரவருக்கு. அரியர் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும். அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று முந்தின வாரமே யாரிடமாவது உட்கார்ந்து பேசிப் பாருங்கள். விடுதியில் நான்கு பேர் சேர்ந்தால் ஒருவர் மேலாளராக, ஒருவர் விண்ணப்பதாரராக உட்காரலாம். மேலாளராக உட்காருகிறவர் “அப்பா என்ன பண்றார்?” என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.